ஓட்டம் குறையவில்லை, குழாய் குறுகியது: திசுப் பொறியியல் ஒட்டுக்குழாய் ஒன்றின் பத்து வாரங்கள்

பின்னணி

ஒரே ஒரு ஒட்டுக்குழாயைப் பற்றிய பதிவு இது. ஆய்வகத்தில் வளர்த்த, 4 மி.மீ. உள்விட்டமும் 6 செ.மீ. நீளமும் கொண்ட குழாய்; ஒரு செம்மறியாட்டின் கழுத்துத் தமனியில் பொருத்தப்பட்டு, பத்தாவது வாரம் வெளியே எடுக்கப்பட்டது. குழுவில் நால்வர் இருந்தோம்: இரத்தநாள அறுவை மருத்துவர், உயிரணு வளர்ப்பைக் கவனித்த உயிரியலாளர், ஆய்வு மாணவி ஒருவர், ஓட்டத்தை அளக்கும் பொறியாளராக நான். விலங்கு ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல் முன்பே பெறப்பட்டிருந்தது.

இந்தத் துறை புதிதல்ல. கொலாஜனையும் உயிரணுக்களையும் கொண்டு இரத்தநாளத்தின் மாதிரியை வைன்பெர்க்கும் பெல்லும் 1986-இல் உருவாக்கிக் காட்டினர். துடிக்கும் அழுத்தத்தில் பயோரியாக்டர் என்ற உயிரணு வளர்ப்புக் கலத்துக்குள் தமனி வளர்த்த நிக்லசன் குழுவின் கட்டுரை 1999-இல் வெளியானது. உயிரணுக்களை வைத்து வளர்த்து, பிறகு அவற்றை நீக்கிய 6 மி.மீ. மனிதத் திசுக் குழாய் ஒன்றுக்கு, கை கால் தமனிக் காயங்களில் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் அனுமதி அளித்தது. சிக்கல் 6 மி.மீ.க்குக் கீழேதான் தொடங்குகிறது. பெரிய தமனிகளில் பல ஆண்டுகள் தாங்கும் செயற்கைக் குழாய்கள், சிறிய விட்டத்தில் உறைந்தோ குறுகியோ போகின்றன. இதய நாளங்களுக்கு மாற்றுப் பாதை அமைக்கும்போது இன்றும் நோயாளியின் சொந்தக் கால் சிரையையும் மார்புத் தமனியையும் தேடிப்போவதற்குக் காரணம் அதுவே.

எங்கள் குழாயும் அதே வழியில் உருவானதுதான். பாலிகாப்ரோலாக்டோன் என்ற, உடலில் மெல்லக் கரையும் பிளாஸ்டிக்கை நுண்ணிழைகளாக நூற்றுச் செய்த சாரத்தின் (தாங்கு சட்டகத்தின்) மீது மென்தசை உயிரணுக்களை விதைத்து, எட்டு வாரங்கள் துடிப்போட்டத்தில் வளர்த்து, பின்னர் உயிரணுக்களை நீக்கினோம். எஞ்சுவது உயிரணுக்கள் சுரந்த கொலாஜன் வலையும் சாரமும். பெறும் உடலின் உயிரணுக்கள் அதில் குடியேறும் என்பது நம்பிக்கை.

முதல் முடிவு: 4 மி.மீ.

ஆட்டின் கழுத்துத் தமனி அல்ட்ராசவுண்டில் 5.5 மி.மீ. இருந்தது. சாரத்தை நூற்றுச் சுற்ற எங்களிடம் இருந்த உருளைக் கம்பி 4 மி.மீ. அதுவே ஒரு காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு அறிவியல் நியாயமும் சொல்லிக்கொண்டோம்.

இரத்தம் சுவரை உரசிச் செல்லும்போது ஏற்படும் சறுக்குத் தகைவு, ஓட்டத்துக்கு நேர் விகிதத்திலும் ஆரத்தின் மும்மடிக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். நிமிடத்துக்கு 300 மி.லி. ஓட்டத்தில் 4 மி.மீ. குழாய்க்கு அது ஏறத்தாழ 2.8 பாஸ்கல். அதே ஓட்டம் 5.5 மி.மீ. தமனியில் 1.1 பாஸ்கல் மட்டுமே தரும். தமனிகள் பொதுவாகத் தங்களை 1.5 பாஸ்கல் சுற்றுவட்டத்தில் வைத்துக்கொள்ள முயல்கின்றன, 0.4-க்குக் கீழே போனால் உட்சுவர் தடிக்கத் தொடங்கும். ஆகவே சிறிய குழாய் என்றால் வேகம் கூடும், சுவரில் எதுவும் படியாது, உறையாது என்று வாதிட்டேன். கணக்கு சரி. ஆனால் அது குழாயின் உடலுக்கான கணக்கு. குழாய் முடிந்து தமனி தொடங்கும் இடத்துக்கு நான் கணக்கே போடவில்லை.

மேசைச் சோதனை

குழாய்களுக்கான ஐஎஸ்ஓ 7198 தரத்தின் வழிமுறைகளை ஒட்டிச் சோதித்தோம். வெடிப்பு அழுத்தம் 2,400 மி.மீ. பாதரசம்; கால் சிரைக்கு ஆய்வுகளில் சொல்லப்படும் சுமார் 1,600-ஐவிட அதிகம், மார்புத் தமனியின் சுமார் 3,200-ஐவிடக் குறைவு. தையல் பிடிப்பு போதுமானதாக இருந்தது. விரிந்துகொடுக்கும் தன்மையில்தான் இடைவெளி தெரிந்தது: 100 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு 2.1 சதவீதம். தமனிக்கு நூல்களில் காணும் எண் 5.9, சிரைக்கு 4.4, டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கான பிடிஎஃப்இ-யில் செய்த செயற்கைக் குழாய்க்கு 1.6. அதாவது எங்கள் ‘உயிருள்ள’ குழாய் விரிவதில் பிளாஸ்டிக்குக்குத்தான் பக்கம். இதைக் குறித்துவைத்தோம், நிறுத்தவில்லை. உடலில் சாரம் கரையக் கரைய மென்மை கூடும் என்று எதிர்பார்த்தோம்.

பிறகு திரவத்தைச் சுழற்றி ஓட்டும் மேசை அமைப்பான ஓட்டச் சுற்றில் 72 மணி நேரம் வைத்தோம். இரத்தத்துக்குப் பதிலாக நாற்பது சதவீத கிளிசரின் கலந்த நீர். இங்கே ஒரு தவறு நடந்தது, சின்னதுதான் என்றாலும் பலரும் செய்வது. அந்தக் கலவையின் பாகுநிலை (ஓடுவதற்குத் திரவம் காட்டும் தடை) 20 பாகை செல்சியஸில் சுமார் 3.7 மில்லிபாஸ்கல்-வினாடி, இரத்தத்துக்கு நெருக்கமானது. நாங்களோ சுற்றை 37 பாகைக்குச் சூடாக்கியிருந்தோம். அந்த வெப்பநிலையில் அது 2.2 அளவுக்கு இறங்கிவிடும். ஆக மூன்று நாட்கள் நாங்கள் ஓட்டியது நீர்த்த இரத்தம். மாணவி பாகுமானியில் அளந்து பார்த்த பிறகே தெரிந்தது. கலவையைத் திருத்தி மீண்டும் ஓட்டினோம்.

திருத்திய சுற்றில் குழாயின் இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு 2 மி.மீ. பாதரசத்துக்கும் குறைவு. நேரான குழாயில் அழுத்த இழப்பைக் கணக்கிடும் பாய்சொய் சமன்பாடு தரும் எண் 1.25. ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் சுமார் 480, சீரான ஓட்டம். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இன்று அந்தச் சுற்றின் புகைப்படத்தைப் பார்க்கும்போது கண்ணில் முதலில் படுவது இரு முனைகளிலும் இருந்த எஃகு இணைப்பிகள். குழாயின் உள்விட்டத்துக்கே கச்சிதமாகக் கடைந்தவை. உடலுக்குள் அந்த இடத்தில் இருக்கப்போவது தையல், வேறு விட்டம், வேறு மென்மை. நாங்கள் சோதித்தது குழாயை. பொருத்தப்போவதோ குழாயும் இரண்டு இணைப்புகளும்.

அறுவை

முனைகளைச் சரிவாக வெட்டி நேருக்கு நேர் தைத்தார் மருத்துவர். இரத்தம் குழாய்க்குள் நுழையும் மேல் இணைப்பு எளிதாக முடிந்தது. இரத்தம் வெளியேறும் கீழ் இணைப்பில் குழாய் சற்றுக் குட்டையாக வெட்டப்பட்டிருந்ததால் கொஞ்சம் இழுத்துத் தைக்க வேண்டியிருந்தது. அறுவைக் குறிப்பில் அவரே அதை எழுதியிருக்கிறார்.

ஓட்டத்தை நாளத்தைச் சுற்றிப் பிடிக்கும் ஓட்டமானியால் அளந்தேன். மீயொலித் துடிப்பை ஓட்டத்தின் திசையிலும் எதிர்த் திசையிலும் அனுப்பி, இரண்டும் வந்துசேரும் நேர வித்தியாசத்திலிருந்து கன அளவைத் தரும் கருவி அது. விட்டத்தைத் தனியாக அளக்க வேண்டியதில்லை. பிடிஎஃப்இ குழாயில் சுவருக்குள் காற்று சிக்கியிருப்பதால் புதிதாகப் பொருத்தியவுடன் அது தடுமாறும். ஈரமான திசுச் சுவரில் அந்தத் தொல்லை இல்லை. கவ்வியை எடுத்த உடனே வரும் எண்ணை நம்பக் கூடாது. சற்று நேரம் இரத்தம் கிடைக்காத திசு அப்போது அளவுக்கு மீறி இழுத்துக்கொள்ளும். இருபது நிமிடம் காத்திருந்தோம். வெட்டுவதற்கு முன் நிமிடத்துக்கு 310 மி.லி.; பொருத்திய பின் 295.

அன்று மாலை எழுதிய குறிப்பில் ‘ஓட்டம் சிறப்பு’ என்று இருக்கிறது. என் கையெழுத்து.

பின்தொடர்தல்

தினமும் ஆஸ்பிரின். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை டாப்ளர் அல்ட்ராசவுண்ட். நெறிமுறையில் பதிவு செய்ய வேண்டிய எண் ஒன்றே ஒன்று: குழாயின் நடுப்பகுதியில் கன அளவு ஓட்டம். ஏன் நடுப்பகுதி? அங்கேதான் குழாய் நேராக, வட்டமாக, அளக்க வசதியாக இருந்தது. ஏன் ஓட்டம் மட்டும்? ஒட்டுக்குழாயின் வேலை இரத்தத்தைக் கொண்டுசேர்ப்பது. கொண்டுசேர்க்கிறதா என்று பார்த்தால் போதும் என்று நினைத்தோம்.

2-ஆம் வாரம் 300. 4-ஆம் வாரம் 290. 6-ஆம் வாரம் 285.

ஆறாவது வாரம் மாணவி கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “சார், நடுவில் எண் அப்படியே இருக்கிறது. ஆனால் கீழ் இணைப்பில் நிறங்கள் கலைந்து வருகின்றன.” நிற டாப்ளரில் வேகம் அளவீட்டு எல்லையைத் தாண்டும்போது சிவப்பும் நீலமும் சிதறித் தெரியும். நான் எட்டிப் பார்த்தேன். “தமனி அங்கே வளைகிறது, அதனால் இருக்கும். அடைப்பு இருந்தால் ஓட்டத்தில் தெரியுமே” என்றேன். அவர் அந்த இடத்தில் வேகத்தை அளந்து படத்தைச் சேமித்தார். பதிவேட்டில் அதற்கு இடமில்லாததால் எழுதவில்லை.

எட்டாவது வாரம் 270. முதல் எண்ணைவிடப் பத்து சதவீதம் குறைவு. குழுவில் பேசினோம். விட்டத்தை 0.2 மி.மீ. தவறாக அளந்தாலே 4 மி.மீ. குழாயில் பரப்பு பத்து சதவீதம் மாறிவிடும். எனவே இது அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும் என்றேன். அதுவும் சரியான கணக்குதான். இரண்டு வாரம் கழித்துப் பார்ப்போம் என்று முடிவானது.

பத்தாவது வாரம் 110.

அடுத்த நடவடிக்கை

மருத்துவர் பலூன் வைத்து விரித்துப் பார்க்கலாம் என்றார். நோயாளியாக இருந்தால் அதைத்தான் செய்வோம், அது வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டாமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. உயிரியலாளரும் நானும் வேறு பக்கம் நின்றோம். விரித்தால் தடித்த திசு கிழியும். ஏன் தடித்தது என்பதற்கான சான்று போய்விடும். மறுபக்கத் தமனி நன்றாக இருந்ததால் ஆட்டுக்கு நரம்புக் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் குழாய் முழுவதும் அடைபட்டுவிட்டால் உறைவுதான் கிடைக்கும், குறுகிய இடம் கிடைக்காது. இரண்டு நாட்களுக்குள் ஆஞ்சியோகிராம் எடுத்து, மயக்கத்திலேயே ஆய்வை முடித்து, குழாயை இரு பக்கத் தமனித் துண்டுகளோடு எடுத்தோம்.

கண்டவை

குழாயின் உடல் சுத்தமாக இருந்தது. உறைவு இல்லை. இரு முனைகளிலிருந்தும் ஏறத்தாழ ஒரு செ.மீ. வரை, நாளங்களின் உட்சுவரை மூடும் எண்டோதீலிய உயிரணுக்கள் படர்ந்திருந்தன. நடுவில் மெல்லிய புரதப் படலம் மட்டும். மேல் இணைப்பில் உட்படலத் தடிப்பு 0.2 மி.மீ. கீழ் இணைப்பில் அது ஒன்றரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, தையல் கோட்டைச் சுற்றி வளையம்போல. மிகக் குறுகிய இடத்தில் எஞ்சியிருந்த வழி 1.1 மி.மீ.

அதன் பிறகே மாணவி சேமித்துவைத்த படங்களைத் திறந்தோம். கீழ் இணைப்பின் உச்ச வேகத்தைக் குழாயின் நடுப்பகுதி உச்ச வேகத்தால் வகுத்தால்:

2-ஆம் வாரம்: 95-க்கு 88 செ.மீ./வினாடி, விகிதம் 1.1
4-ஆம் வாரம்: 140-க்கு 88, விகிதம் 1.6
6-ஆம் வாரம்: 235-க்கு 85, விகிதம் 2.8
8-ஆம் வாரம்: 360-க்கு 80, விகிதம் 4.5

கால் நாளங்களின் மாற்றுப் பாதைகளைக் கண்காணிக்கும் மருத்துவர்கள் விகிதம் 2-ஐத் தாண்டினாலே கவனிப்பார்கள், 3.5, 4 என்றால் தலையிடுவதைப் பற்றிப் பேசுவார்கள். எங்களிடம் அந்த எண்கள் நான்கு வாரங்களாக இருந்தன, கோப்புறைக்குள்.

ஓட்டம் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை

இந்தப் பகுதிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

ஓட்டத்தைத் தீர்மானிப்பது குழாய் மட்டுமல்ல. சராசரி அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் என்று வைத்துக்கொண்டால், அதில் பெரும்பகுதி செலவாவது கீழே உள்ள நுண்தமனிகளில். ஆரோக்கியமான குழாயில் செலவாவது ஒன்றோ ஒன்றரையோ. இப்போது எட்டாவது வாரத்தைப் பார்ப்போம். வேக விகிதம் 4.5 என்றால் பரப்பு கால்பங்குக்கும் கீழே போய்விட்டது. விட்டம் சுமார் 1.9 மி.மீ. அதன் வழியே நிமிடத்துக்கு 270 மி.லி. போக வேண்டுமானால் சராசரி வேகம் வினாடிக்கு 1.6 மீட்டர். மருத்துவர்கள் பயன்படுத்தும் சுருக்கமான பெர்னூலி விதிப்படி, வேகத்தின் இருமடியை நான்கால் பெருக்கினால் அழுத்த இழப்பு: சுமார் 10 மி.மீ. தொண்ணூறில் பத்து. ஓட்டமும் ஏறத்தாழ அந்த அளவே குறையும், 295-லிருந்து 270-க்கு. எங்களுக்குக் கிடைத்த எண் அதுவேதான். பிழை என்று நான் ஒதுக்கியது உண்மையான குறைவாக இருந்திருக்கிறது.

இழப்பு வேகத்தின் இருமடியில் ஏறுவதால், குறுகல் பாதி விட்டத்தைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு பத்தில் ஒரு மி.மீ.யும் பெரிய விலை கேட்கும். 1.9 மி.மீ.யிலிருந்து 1.1-க்கு வர இரண்டு வாரம் ஆனது. ஓட்டம் பாதிக்கும் கீழே விழுந்தது. போதாக்குறைக்குக் கீழுள்ள நுண்தமனிகள் தங்களால் முடிந்தவரை விரிந்து ஓட்டத்தைக் காப்பாற்றப் பார்க்கும். உடல் சமாளிக்கும் வரை ஓட்ட எண் அமைதியாகவே இருக்கும். சமாளிக்க முடியாத அன்றுதான் அது பேசும். வேகமோ முதல் நாளிலிருந்தே பேசிக்கொண்டிருக்கும், அளப்பவர் சரியான இடத்தில் அளந்தால்.

எது காரணம்

பின்னர் கணினியில் ஓட்டத்தை மாதிரியாக்கிப் பார்த்தோம், சுவர் அசையாது என்ற எளிமைப்படுத்தலோடு. 4 மி.மீ.யிலிருந்து 5.5-க்குத் தாவும் இடத்தில் பரப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. வேகம் வினாடிக்கு 40 செ.மீ.யிலிருந்து 21-க்கு இறங்குகிறது. நடுவில் தாரை நேராகப் பாய, சுவரோரம் ஓட்டம் பிரிந்து சுழல்கிறது. அங்கே சறுக்குத் தகைவு 0.4 பாஸ்கலுக்குக் கீழே, அதுவும் துடிப்புக்குத் துடிப்பு திசை மாறிக்கொண்டு. மேல் இணைப்பில் ஓட்டம் அகலத்திலிருந்து குறுகலுக்குப் போவதால் இப்படிப் பிரிவதில்லை.

குழாய்க்கும் தமனிக்கும் உள்ள மென்மை வேறுபாடுதான் முக்கியக் குற்றவாளி என்று உயிரியலாளர் முதலில் சொன்னார். அப்படியானால் இரண்டு இணைப்புகளும் ஏறத்தாழ ஒரே அளவு தடித்திருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் வேறுபாடு ஒன்றுதானே. 0.2-க்கும் ஒன்றரைக்கும் உள்ள தூரத்தை அது விளக்கவில்லை. இழுத்துத் தைத்த தையலை ஒதுக்க முடியவில்லை. மருத்துவரே அதை வலியுறுத்திச் சொன்னார். ஒரு விலங்கை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை. விட்டத் தாவல் முதன்மையானது, தையல் இழுப்பு அதற்குத் துணைபோயிருக்கலாம் என்பது என் கணிப்பு. மருத்துவருடையது இதற்கு நேர்மாறு.

மாற்றியவை

உருளைக் கம்பி இப்போது 5 மி.மீ.; குழாயின் உடலில் சறுக்குத் தகைவு 1.4 பாஸ்கல், தமனியின் 1.1-க்கு அருகில். வேகமாகப் பாய்ச்சும் ஆசையை விட்டுவிட்டோம். குழாயை இரண்டு செ.மீ. அதிகமாக வளர்த்து, அறுவை மேசையில் அளந்து வெட்டுகிறோம். ஓட்டச் சுற்றில் எஃகு இணைப்பிகள் போய், இரு பக்கமும் தமனித் துண்டுகள் தைக்கப்பட்ட குழாய் ஓடுகிறது. தைத்துக் கொடுக்க மருத்துவருக்கு அரை நாள் பிடிக்கிறது, முணுமுணுப்போடு. கலவையின் பாகுநிலை ஓட்டும் வெப்பநிலையிலேயே அளக்கப்படுகிறது.

பின்தொடர்தலில் ஐந்து இடங்களில் வேகம் அளக்கிறோம்: மேல் தமனி, மேல் இணைப்பு, நடு, கீழ் இணைப்பு, கீழ்த் தமனி. விகிதம் 2-ஐத் தொட்டால் ஓட்டம் எவ்வளவு இருந்தாலும் ஆஞ்சியோகிராம். பதிவேட்டில் ‘அளந்தவர் கண்ட வேறு எதுவும்’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அது மாணவியின் யோசனை. ஓட்ட எண்ணை நிறுத்தவில்லை. அது கடைசி நெடுவரிசைக்குப் போயிருக்கிறது.

விரிந்துகொடுக்கும் தன்மையில் எதுவும் சாதிக்கவில்லை. புதிய குழாயும் 2.3 சதவீதம்தான்.

பின்பு நடந்தது

இரண்டாவது ஆட்டில் 5 மி.மீ. குழாய் வைத்தோம். கீழ் இணைப்பு இழுப்பில்லாமல் முடிந்தது. ஆகையால் விட்டமா தையலா என்ற எங்கள் வழக்கு இதிலும் தீராது. 8-ஆம் வாரம் விகிதம் 1.3, ஓட்டம் 320. 12-ஆம் வாரம் ஓட்டம் அதே 320, விகிதம் 1.7.

முன்பென்றால் அந்த 320-ஐப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். இப்போது படம் எடுப்பது வாரம் ஒருமுறை. அடுத்த முறை 2-ஐத் தொட்டால் பலூன் வைத்துப் பார்ப்பது என்று, இந்தத் தடவை நான்கு பேரும் ஒப்புக்கொண்டு முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறோம்.